இருபத்து நான்காவது சார்ஜர்

ஜூன் 2021, சனிக்கிழமை இரவு

தூக்கம் வரவில்லை.

போகிற ஊரில் எல்லாம் சார்ஜிங் ஸ்டேஷனில் காரைச் செருகி, ஒரு போட்டோ எடுத்து, எங்கள் எலெக்ட்ரிக் கார் குரூப்பில் போடுவது என் கிறுக்கு. எனக்கு இருபத்து மூன்று ஸ்டேஷன். பல்லாவரம் ஜோசப்புக்கும் இருபத்து மூன்று. அவனை முந்தத்தான் இன்று தாம்பரத்திலிருந்து திண்டிவனம் வரை ஓட்டினேன். ஊரடங்கில் மாவட்டம் தாண்ட இ-பதிவு வேண்டும். காரணம் கேட்ட இடத்தில் இறப்பு என்று போட்டேன். திண்டிவனத்துச் சித்தப்பா பெயரைக் கொடுத்தேன். மனிதர் குண்டுக்கல் மாதிரி இருக்கிறார்.

போகும்போது செக்போஸ்ட் போலீஸ்காரர் பதிவைப் பார்த்ததும் விட்டுவிட்டார். ஹைவே ஹோட்டல் வாசலில் சார்ஜ் போட்டேன், போட்டோ எடுத்தேன், திரும்பினேன். அதே ஆள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"முகமாவது பார்க்க விட்டாங்களா சார்?"

"பார்த்தேன்" என்றேன். வேறு என்ன சொல்வது?

"கொடுத்து வச்சவர் சார் நீங்க. போன வாரம் எங்கப்பாவைப் பிளாஸ்டிக்ல சுத்திக் குடுத்துட்டாங்க. முகத்தைத் திறந்து காட்டல." சொல்லிவிட்டு ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

"என்ன மச்சான், இருபத்து நாலா?" என்று ஜோசப் கேட்டிருக்கிறான். போட்டோவை இன்னும் போடவில்லை.

வாட்ஸ்அப்பில் அதற்குக் கீழேயே சித்தப்பா, தினமும் போல ஒரு குட்நைட் ரோஜா அனுப்பியிருக்கிறார். பக்கத்தில் சின்ன வட்டத்துக்குள் அவர் முகம், பல் தெரியச் சிரிக்கிறது.