வாழைக்காய் அளவில் ஒரு கைப்பிடி

அக். 8, புதன்

காலையில் நல்ல வெயில். மதியம் தூறல், நான்கு நிமிடம். தெரு வாட்ஸ்அப் குழு உடனே விழித்துக்கொண்டது. "ஏரி எவ்வளவு ஏறிருக்கு, யாராவது பாத்தீங்களா?" அதற்குக் கீழே ஒருவர் ரோஜாப்பூ படம் போட்டுக் காலை வணக்கம் சொன்னார். அப்போது மணி இரண்டரை.

டாக்டரிடம் போனேன். வலது கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துவிட்டதாம். முப்பத்தொரு வருடம் கல்லூரி நூலகத்தில் அட்டை எழுதியதாலா என்று கேட்டேன். "வயசாலம்மா" என்றார். காரணம் கொஞ்சம் கௌரவமாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன்.

"கிள்ளிப் பிடிக்காதீங்க. எதையும் திருகாதீங்க. பிடிச்சே ஆகணும்னா உள்ளங்கை நிறையப் பிடிங்க."

கூடாதவை: ஊறுகாய் பாட்டில் மூடி, ஈரத்துணி பிழிதல், தேங்காய் துருவல், ஸ்க்ரூ.

கீழ்வீட்டில் ஐந்து புத்தக அலமாரி. ஒன்றுக்கு முப்பத்திரண்டு ஸ்க்ரூ. ஆக 160.

அக். 9, வியாழன்

மேகம். மழை இல்லை. நிலைமையை எழுதிப் பார்த்தால் தெளியும் என்று எழுதுகிறேன்.

முடிச்சூரில் எங்கள் தெருவில் ஐப்பசி வந்தால் கீழ்வீட்டைக் கழற்றி மேலே ஏற்றுவது வழக்கம். வெள்ளம் வந்த முதல் வருடம் எங்களுக்கு அனுபவம் இல்லை. புத்தகங்களையெல்லாம் கட்டில் மேல் அடுக்கினோம். கட்டிலை எதன் மேல் வைப்பது என்று யோசிக்கவில்லை. அலமாரிகளை அப்படியே தூக்கவும் முடியாது, மாடிப்படி வளைவில் திரும்பாது. பலகை பலகையாகக் கழற்ற வேண்டும். மொட்டைமாடி அறையில் திரும்ப மாட்ட வேண்டும். அந்த அறையில் கதவடியில் சாரல் வரும், புத்தகத்தைத் தரையில் வைக்க முடியாது.

ரா.வுக்கு (கணவர், இந்த நோட்டில் முழுப்பெயர் எழுதுவதில்லை, எழுதினால் எட்டிப் பார்ப்பார்) ஹெர்னியா ஆபரேஷன் ஆகி ஆறு வாரம். குனியக் கூடாது, தூக்கக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது. கருத்துச் சொல்லக் கூடாது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் இல்லை.

தச்சருக்கு போன் செய்தேன். "கூடுவாஞ்சேரில மூணு பிளாட்டு கிச்சன் கபோர்டு ஓடிக்கினு கீது மேடம். தீவாளி தாண்டி வந்துடறேன்." எந்த தீபாவளி என்று சொல்லவில்லை. போன வருடம் அவர்தான் மெஷினை வைத்து முடுக்கி ஏழு துளைகளைப் பெரிதாக்கிவிட்டுப் போனார். அவற்றில் இப்போது தீக்குச்சி திணித்து வைத்திருக்கிறேன். மெஷின் வேண்டாம்.

இரவுச் சாப்பாட்டில் ரா.: "வருஷா வருஷம் மூட்டை தூக்கறோம் விஜி. எல்லாம் படிச்சதுதானே? ஒரு ஸ்கூல்ல கேக்கறாங்க. ஹெட்மாஸ்டர் பேசினார். அடுத்த சனிக்கிழமை வேன் அனுப்பறாராம்."

கை வெந்நீரில் இருந்தது. வலி. யோசிக்காமல் சொன்னேன்: "வெள்ளிக்கிழமைக்குள்ள அலமாரி மேல நிக்கலைன்னா வேன் வரட்டும்."

அவர் அதை காலண்டரில் எழுதிவிட்டார். 17, வெள்ளி. பேனாவால்.

அக். 10, வெள்ளி

வெயில். வேலை: ராட்செட் ஸ்க்ரூ டிரைவர். கையை எடுத்து எடுத்துப் பிடிக்க வேண்டாம், பிடித்த பிடியில் முன்னும் பின்னும் ஆட்டினால் போதும், உள்ளே கிர்ர் என்று ஓடிக் கழன்றுவிடும். என் விரலுக்கென்றே கண்டுபிடித்ததுபோல இருந்தது, கைப்பிடியைப் பார்க்கும்வரை.

வேளச்சேரியில் பெரிய கடை. எல்லாம் கெட்டி பிளாஸ்டிக் உறைக்குள். பணிப்பெண் சொன்னாள், "பிரிச்சா எடுத்துக்கணும் மேம். பிரிக்காம எவ்ளோ நேரம் வேணா பிடிச்சுப் பாருங்க." அதாவது உறையைப் பிடித்துப் பார்க்கலாம். உறை வசதியாகத்தான் இருந்தது.

அக். 11, சனி

தாம்பரம் மேற்கு. பாயின் ஹார்டுவேர் கடை. மூட்டை சிமென்ட் முதல் முள்ளாணி வரை.

"சாருக்கா மேடம்?"

"எனக்கு."

"உங்களுக்கா. சரி. சார் கை எப்டி, பெருசா?"

"பாய், எனக்கு."

"அதான் கேக்கறேன். நீங்க வாங்குவீங்க, அவர்தானே போடுவாரு."

பதினைந்து நிமிடம் கழித்து ஒப்புக்கொண்டார். உறையில்லாத நான்கைந்து எடுத்துப் போட்டார். குறித்தவை:

துப்பாக்கிப் பிடி. நெஞ்சு உயரத்தில் அருமை. கீழ்த்தட்டு ஸ்க்ரூவுக்குப் போனால் முழங்கை டிராபிக் போலீஸ் மாதிரி உயர்கிறது.

T பிடி. வலு உண்டு. அலமாரி மூலையில் ஒவ்வொரு சுற்றுக்கும் விரல்முட்டி பலகையில் இடிக்கும். பாயின் மேஜை ஓரத்திலேயே இடித்தது.

லட்டுப் பிடி, உருண்டை. உள்ளங்கைக்குச் சொர்க்கம். தண்டு இரண்டு அங்குலம், எதையும் எட்டாது.

நேர்ப் பிடி, இரண்டு நிற ரப்பர், அதன் மேல் "சொகுசு" என்று ஆங்கிலத்தில். என் விரல்கள் சுற்றி வந்து ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. யாருடைய சொகுசு என்று அச்சிடவில்லை.

கடைசியாகப் பாய் ஒரு பெட்டியைத் தயக்கத்துடன் எடுத்தார். "லேடீஸ் செட்னு ஒண்ணு கீது."

ரோஜா நிறம். கைப்பிடியில் பூ. பென்சில் தடிமன். கிள்ளித்தான் பிடிக்க முடியும். பெண்ணின் கை சிறியது என்பது வரை யோசித்தவர்கள் அதற்குள் எலும்பு இருக்கிறது என்பது வரை போகவில்லை.

வெறுங்கையோடு வந்தேன். ரா. ஒரு வெள்ளைக்காரரின் வீடியோவை நிறுத்தி வைத்திருந்தார். "இவர் முப்பது கைப்பிடி டெஸ்ட் பண்ணிருக்கார். இதுதான் கம்ஃபர்ட்டபிள்ங்கறார்." அந்த மனிதரின் கையில் என் தலை அடங்கும்.

அக். 12, ஞாயிறு

காலை மழை, ஒரு மணி நேரம். தெருக்கோடியில் கணுக்கால் தண்ணீர். குழுவில் ஏரி போட்டோ பதினொன்று. அதில் ஒன்று போன வருடத்தது. அதைப் பார்த்துத்தான் அதிகம் பேர் பயந்தார்கள்.

வலி. இட்லித் தட்டைத் தூக்கும்போது.

ரா. கீழ்வீட்டில் நின்று அலமாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஸ்கூல் பசங்க நல்லாப் பாத்துப்பாங்க" என்றார். கெட்ட மனிதராக இருந்தால் எதிர்ப்பது சுலபமாக இருக்கும்.

அக். 13, திங்கள்

மேகம். காய்கறி வாங்கப் போனேன். சாலையோரக் கடை செல்வியிடம் ஐந்து வருடமாக வாங்குகிறேன். முள்ளங்கியை எடுத்தேன். கையில் பிடித்ததும் தோன்றியது, இது ஒரு கைப்பிடிதான். அதன்பின் நிறுத்த முடியவில்லை. கேரட், கிள்ள வேண்டியிருக்கிறது. முள்ளங்கி, வழுக்குகிறது. சுரைக்காய், விரல் சேரவில்லை ("சொகுசு" மாடல்). பீர்க்கங்காய், பிடிமானம் உண்டு, உறுத்தல்.

வாழைக்காய்.

மூன்று பட்டை. விரல்கள் ஒவ்வொன்றும் தன் இடத்தில் போய் உட்கார்ந்தன. கட்டைவிரலுக்கு வேலையே இல்லை, சும்மா மேலே சாய்ந்திருந்தது. திருகிப் பார்த்தேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். வலிக்கவில்லை.

"இன்னா மேடம், வாயக்காய வச்சினு பைக்கு முறுக்கற?"

சொன்னேன். அலமாரி, விரல், வேன், எல்லாம். செல்வி சிரிக்கவில்லை. தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"பொஸ்தகம் எவ்ளோ இருக்கும்?"

"இரண்டாயிரத்துச் சொச்சம்."

"யாரு ஏத்துவா மேல?"

அதை நான் யோசித்திருக்கவே இல்லை. ஐந்து நாளாகக் கைப்பிடியைப் பற்றி மட்டும் யோசித்திருக்கிறேன்.

"எங்க வூட்டுக்காரு மார்க்கெட்ல லோடு எறக்கறாரு. வெள்ளிக்கெயம காலைல மட்டும்தான் வரும். அப்புறம் தீவாளி லோடு, புடிக்க முடியாது. நீ பலகையெல்லாம் கயட்டி வச்சிரு."

ஆறு வாழைக்காய் எடுத்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். "ஒண்ணே ஒண்ணா, கறிக்குப் பத்தாதே" என்றாள். கறிக்கில்லை என்றேன்.

அக். 14, செவ்வாய்

தூறல். வாழைக்காயுடன் பாய் கடை. கைப்பையிலிருந்து எடுத்து கல்லாப்பெட்டி அருகே வைத்தேன். "இந்த அளவில் ஒரு கைப்பிடி வேண்டும்."

பாயின் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. மேஜை இழுப்பறையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்து வாழைக்காயின் மேல் வைத்தார்.

"நடுவுல முப்பத்தி நாலு எம்எம். காம்பாண்ட இருபத்தாறு. எந்த எடம்?"

"நடு."

"நீட்டம்?"

"என் நான்கு விரல். அதற்கு மேல் வேண்டாம்."

பி.வி.சி. பைப்புக்குக் காத்திருந்தவர்: "இன்னா பாய், காய்கறியும் போட்டுட்டீங்களா?"

"வாயக்கா மட்டும்தான். சொரக்கா நாளைக்கு வரும்."

ஏணி போட்டு மேல்தட்டிலிருந்து தூசு படிந்த அட்டைப்பெட்டி ஒன்றை இறக்கினார். "இது ஓடாத சரக்கு மேடம். மூணு பேரு வாங்கினு போய்த் திருப்பிக் குடுத்துட்டாங்க. கைக்குள்ள முழுங்கிப் போவுதாம்."

கருப்பு ரப்பர். மூன்று பட்டை. கட்டை குட்டை. பிடித்தேன்.

எழுத ஒன்றுமில்லை. பிடித்தேன், அவ்வளவுதான்.

பாய் கழுத்து வளையத்தை இடப்பக்கம் திருப்பிக் கொடுத்தார். "கயட்டத்தான? இது லெஃப்ட். போயி ஆரம்பிங்க." வாழைக்காயை ஞாபகமாகத் திருப்பிக் கொடுத்தார்.

மாலை: முதல் அலமாரி, 32. துரு ஏறியவை 4. தேங்காய் எண்ணெய்.

இரவு: வாழைக்காய் வறுவல். ரா. "ஒரே ஒரு காயா?" என்றார்.

அக். 15, புதன்

நடு இரவிலிருந்து மழை, காலை பத்துக்கு ஓய்ந்தது. கழற்றியவை: 54. மொத்தம் 86. வலி உண்டு, ஆனால் பழைய வலி, புதியது அல்ல.

இன்று தெரிந்த ஒன்று. கழற்றுவதிலிருந்து மாட்டுவதற்கு மாற்ற, கைப்பிடியின் கழுத்தில் உள்ள வளையத்தைத் திருப்ப வேண்டும். மெல்லிய வளையம். வழவழப்பு. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளித்தான் திருப்ப வேண்டும். டாக்டர் கூடாது என்றது எதுவோ அது.

இத்தனை வசதியான கைப்பிடியைச் செய்தவர், அந்த வளையத்துக்கு வந்தபோது வேலை நேரம் முடிந்திருக்க வேண்டும்.

இடுக்கியால் முயன்றேன். வளையத்தில் கீறல். அசையவில்லை. இப்போதைக்கு இடப்பக்கம்தான் வேண்டும். பிறகு பார்க்கலாம்.

அக். 16, வியாழன்

வெயில், நம்ப முடியாத அளவுக்கு. குழுவில் "இந்த வருஷம் மழை ஏமாத்திடும்" என்று ஒருவர். அவரை மூவர் கண்டித்தார்கள்.

74 கழற்றினேன். மொத்தம் 160. முடிந்தது. பலகைகளில் எண் போட்டேன், சாக்பீஸால். 1-மே, 1-கீ, 1-இ, 1-வ. பழைய வேலைப் பழக்கம்.

ரா. வந்து எண்களைப் படித்தார். "நிஜமாவே முடிச்சுட்டியா?" காலண்டர் பக்கம் பார்த்தார். டீ போட்டார். எனக்கும் ஒன்று.

வளையத்தைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. வேன் அனுப்புகிறவரோடு பேசிக்கொண்டிருப்பவரிடம் எப்படிக் கேட்பது.

அக். 17, வெள்ளி

காலை ஆறரைக்குச் செல்வியின் கணவர் ஏழுமலை வந்தார். பதினொன்றுக்குள் எல்லாப் பலகையும், எல்லாப் புத்தகமும் மேலே. நடுவில் ஒரு முறை மட்டும் படியில் நின்று, "இத்தெல்லாம் நீயே பட்சியா மேடம்?" என்று கேட்டார். பாதி என்றேன். "அப்ப மீதிக்கோசரம் தூக்கறேன்" என்று ஏறினார்.

பதினொன்றரை. முதல் அலமாரி. ஏழுமலை பக்கப்பலகையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். நான் வளையத்தைப் பிடித்தேன். அசையவில்லை. துணி சுற்றிப் பிடித்தேன். கட்டைவிரலிலிருந்து முழங்கை வரை ஒரு மின்னல். உட்கார்ந்துவிட்டேன். ஏழுமலை இரண்டு கையாலும் பலகையைத் தாங்கியிருந்தார், விட்டால் விழும். பாயிடம் ஓடலாம். வெள்ளிக்கிழமை, தொழுகைக்குக் கடை சாத்துகிற நேரம். மேற்கே வானம் கருத்திருந்தது. கதவடியில் முதல் சாரல். நேராகப் புத்தகக் கட்டுகள் மேல்.

ரா. மெதுவாகப் படியேறி வந்து நின்றார், வயிற்றில் கை வைத்துக்கொண்டு. என் கையைப் பார்த்தார். வளையத்தைப் பார்த்தார்.

"இதைத் திருப்பணுமா?"

"ஆமாம்."

"ரைட்டுக்கா?"

"ரைட்டுக்கு."

கையில் வாங்கிக்கொண்டார். அப்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. ஹெட்மாஸ்டர். குரல் எனக்கே கேட்டது, நாளை வேன் எத்தனை மணிக்கு என்று. ரா. ஒரு கையில் போன், ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவருடன் நின்றார். பலகை எண்களை மறுபடியும் படிப்பதுபோல இருந்தது.

"வேன் வேண்டாம் சார். அலமாரி ஏறிடுச்சு. இல்ல சார், நான் சொன்னேன்தான். அவங்க கழட்டிட்டாங்க."

போனை வைத்துவிட்டு வளையத்தைத் திருப்பினார். டக். அரை நொடி. மூன்று நாளாக நான் கவலைப்பட்டது அரை நொடி.

"ஒண்ணு நான் போடறேன், நின்னுக்கிட்டே போடற எடம் தானே" என்று மேல்தட்டு ஸ்க்ரூவை எடுத்தார். இரண்டு சுற்று சுற்றினார். நிறுத்திக் கைப்பிடியைப் பார்த்தார்.

"ரொம்பச் சின்னதா இருக்கே விஜி. பிடிக்கவே வசதியில்ல."

பாய் கடையில் பெரியது நிறைய இருக்கிறது என்றேன்.

மழை பிடித்துக்கொண்டது. பிற்பகல் மூன்று மணிக்கு இதை எழுதுகிறேன், இரண்டு அலமாரி நிற்கின்றன, சாரல் படும் இடத்தில் இருந்த கட்டுகள் முதலில் ஏறிவிட்டன. ஏழுமலை டீ குடிக்கிறார். மற்றவை இருட்டுவதற்குள்.

ரா. போட்ட அந்த ஒரு ஸ்க்ரூ கோணல். கழற்றித்தான் போட வேண்டும். அதற்கு வளையத்தை மறுபடி இடப்பக்கம் திருப்பச் சொல்ல வேண்டும். காரணம் கேட்பார்.