முக்கால் வட்டம்

12.3.2004, வெள்ளி

என் புத்தகத்தை யாரோ எடுத்திருக்கிறார்கள்.

தலையணை உறைக்குள் வைத்துவிட்டுப் போனேன். ஷிப்ட் முடிந்து வந்தால் பெட்டி மேல் கிடக்கிறது. இந்த அறையில் நானும் சுகப்பிரியாவும்தான். அவளுக்கு வேறு கம்பெனி, வேறு ஷிப்ட். நான் இல்லாத நேரமெல்லாம் அறை அவள் ராஜ்யம்.

கேட்டேன். "உன் தலவாணி உறையும் அழுக்கா கெடந்துச்சுளா, சேத்துத் தொவச்சிட்டேன்" என்றாள். உறை கொடியில் ஈரமாகத்தான் தொங்கியது. இருந்தாலும், என்றைக்கும் இல்லாமல் இன்றைக்கு எதற்கு என் உறையைத் துவைக்க வேண்டும்? தூத்துக்குடிக்காரிக்கு என் மேல் என்ன திடீர்ப் பாசம்?

"என்ன புக்குளா அது?"

"பேங்க் பரீட்சைக்கு."

பொய். எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்கு. அதுவும் தபாலில் படிக்கிற எம்.பி.ஏ. இல்லை. வேலையை விட்டுவிட்டு, இரண்டு வருஷம் காலேஜ் பெஞ்சில் உட்கார்ந்து முழுநேரமாகப் படிக்கிறது. யாரிடமும் சொல்வதாக இல்லை. நான் இன்னும் ட்ரெய்னிதான். ஜூன் மாதம் லெட்டர் புதுப்பித்தால்தான் வேலை. போகப்போகிறவள் என்று மேலே தெரிந்தால் லெட்டர் வராது. சீட்டும் கிடைக்காமல் வேலையும் போனால் சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏற வேண்டியதுதான். அங்கே அம்மா மாப்பிள்ளையைத் தயாராக வைத்திருக்கிறாள். உரக்கடை வைத்திருக்கிறாராம்.

15.3.2004

பேங்க் வேலை விளம்பரம் வந்த பேப்பரைக் கிழித்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள் சுகப்பிரியா. ஆழம் பார்க்கிறாளோ?

2.4.2004

எங்கள் லைன் காந்திமதிக்கு இன்று கடைசி நாள். கல்யாணம். லைன் மொத்தமும் சேர்ந்து குக்கர் வாங்கிக் கொடுத்தோம். சூப்பர்வைசர் கோதண்டராமன் சார் ஈரத்துணியால் அவள் பெயரை ஸ்கில் போர்டிலிருந்து துடைத்தார்.

அந்த போர்டு எங்கள் தலைக்கு மேல் தொங்குகிறது. ஒரு பக்கம் ஆட்களின் பெயர், மேலே ஸ்டேஷன்கள், அதாவது லைனில் ஒவ்வொரு வேலைக்கும் நிற்கிற இடம். கட்டத்துக்கு ஒரு வட்டம். கால் வட்டம் கறுப்பாக இருந்தால் அவள் இப்போதுதான் கற்றுக்கொள்கிறாள். அரை வட்டம் என்றால் பக்கத்தில் ஆள் நின்றால் செய்வாள். முக்கால் என்றால் தனியாகச் செய்வாள், ஆனால் தப்பு விழும். முழு வட்டம் வந்துவிட்டால் அந்த ஸ்டேஷன் அவளுடையது.

காருக்குள் போகிற வயர்க்கட்டு எங்கள் லைனில்தான் உருவாகிறது. கடைசி ஸ்டேஷன் என்னுடையது. எஞ்சின் பக்கத்துக் கறுப்புக் கனெக்டர். அதில் முழு வட்டம் காந்திமதிக்கும் எனக்கும் மட்டும்தான் இருந்தது. இனி எனக்கு மட்டும்! நான் இல்லாமல் லைன் ஓடாது. அப்புறம் எப்படி லெட்டர் வராமல் போகும்? ரொம்ப நாளைக்கு அப்புறம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

6.4.2004

நிம்மதிக்கு ஆயுசு அவ்வளவுதான்.

"வேல்விழி, மஞ்சுளாவை உன் ஸ்டேஷன்ல போடறேன். ட்ரெய்ன் பண்ணு" என்று கோதண்டராமன் சார் அவளைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

மஞ்சுளா பென்னலூர்க்காரி. இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவர்கள் நெல் போட்ட இடத்தில் இப்போது ஒரு கம்பெனியின் சைக்கிள் ஸ்டாண்டு நிற்கிறது. பிளஸ் டூ. வாய் காது வரை.

"இன்னா வேலு, டீச்சர் ஆயிட்ட!"

என் பெயர் வேல்விழி. வீட்டில் விழி. வேலு என்று கூப்பிட இவளுக்கு யார் உரிமை கொடுத்தது?

அதை விடு. ஏன் இப்போது? ஜூன் வருகிற நேரத்தில் எனக்கு மாற்று ஆள் எதற்கு? யார் போய்ச் சொன்னது? சுகப்பிரியா எங்கள் கம்பெனியில் இல்லை. ஆனால் பஸ் ஸ்டாப் எல்லோருக்கும் ஒன்றுதானே.

20.4.2004

மஞ்சுளாவின் வட்டம் அரை ஆகிவிட்டது. கை வேகம். பயமாக இருக்கிறது.

எல்லோருக்கும் சொல்லித் தருவது ஒன்றுதான்: வயரைக் கனெக்டருக்குள் தள்ளு, 'டக்' கேட்கணும், பிறகு இழுத்துப் பார். சுவரில் ஒட்டியிருக்கிற தாளிலும் அதுதான் இருக்கிறது. ஆனால் இந்தக் கறுப்புக் கனெக்டர் ஒரு கள்ளன். பாதி மாட்டினாலும் 'டக்' என்னும். நேராக இழுத்தால் பிடித்துக்கொண்டு நடிக்கும். கட்டைவிரல் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து இழுக்க வேண்டும். ஒழுங்காக மாட்டாத வயர் அப்போது கையோடு வந்துவிடும். இது தாளில் இல்லை. நானாகக் கண்டுபிடித்தது. காந்திமதிக்குச் சொன்னேன்.

மஞ்சுளாவுக்குச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

8.5.2004

முக்கால் வட்டத்தில் நிற்கிறாள். அவள் போடுகிற வயர்க்கட்டுகளில் ஒன்றிரண்டுக்கு டெஸ்ட் போர்டில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. கோதண்டராமன் சார் தலையைச் சொறிகிறார்.

இன்று கேழ்வரகு அடை கொண்டுவந்தாள். முருங்கைக்கீரை போட்டு, நல்லெண்ணெய் மணக்க. "துண்ணு வேலு, ஊசி மாரி கீற." தின்றேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எதற்கு? ஒருத்தி சும்மா எதற்கு அடை கொடுப்பாள்?

30.5.2004, ஞாயிறு

தேர்வு எழுதிவிட்டேன். கணக்கு நன்றாகப் போட்டேன். இங்கிலீஷ் சுமார்.

சுகப்பிரியாவிடம் கூடப் படித்தவள் கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பும்போது பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில், கையில் ஹால் டிக்கெட்டோடு நிற்கிறேன், எதிரே யார்? மஞ்சுளா! மல்லிப்பூ முழம் போட்டுக்கொண்டிருந்தவளிடம் பேரம். சட்டென்று காகிதத்தைத் துப்பட்டாவுக்குள் சொருகினேன். "இன்னா வேலு, இந்தாண்ட?" என்று சிரித்தாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

அவள் கேட்காததுதான் உறுத்துகிறது. ஊர்ப் பஞ்சாயத்தெல்லாம் கேட்கிறவள் இதை ஏன் கேட்கவில்லை?

போச்சு. நாளைக்கே கோதண்டராமன் காதுக்குப் போயிரும்.

14.6.2004

லெட்டர் வந்துவிட்டது. ஆனால் ஆறு மாதத்துக்கு. போன வருஷம் ஒரு வருஷம் கொடுத்தார்கள்.

சாரிடம் கேட்டேன். "எல்லா ட்ரெய்னிக்கும் இந்தத் தடவ ஆறு மாசம்தாம்மா." மஞ்சுளாவிடம் கேட்டேன். "எனக்கும் ஆறுதான்." சொல்லிவைத்த மாதிரி ஒரே பதில்.

2.7.2004

நேர்முகத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்!! ஜூலை 14, புதன், காலை. இரண்டு வருஷ வேலை அனுபவத்துக்குத் தனி மதிப்பெண் உண்டாம், சான்றிதழைச் சேரும்போது கொடுத்தால் போதுமாம். சந்தோஷத்தில் சுகப்பிரியாவைக் கட்டிப்பிடித்திருப்பேன், நல்லவேளை அவள் ஷிப்டுக்குப் போயிருந்தாள்.

ஒரு நாள் லீவு வேண்டும். அவ்வளவுதான். நாளைக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன்.

3.7.2004

லீவு இல்லை.

கோதண்டராமன் சார் காகிதத்தைப் படிக்கக்கூட இல்லை. விரலால் மேலே காட்டினார். போர்டு.

"கடைசி ஸ்டேஷன் முக்கியமான ஸ்டேஷன். முழு வட்டம் இன்னொருத்தர் இல்லாம உனக்கு எப்படி லீவு தர்றது? மஞ்சுளா இன்னும் முக்கால்லயே நிக்கிறா. அவளுக்கு முழுசு வரட்டும், நீ ரெண்டு நாளே போ."

"ஒரு நாள்தான் சார்."

"ஒரு நாள் சிவப்பு லைட் எரிஞ்சா கஸ்டமர் என் கழுத்துல கால வெப்பான்மா. சொல்லாம கொள்ளாம போனா மெமோதான், இப்பவே சொல்லிட்டேன்."

மெமோ வாங்கினால் அனுபவச் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாவிட்டால் சீட்டு கிடையாது. நேர்முகத்துக்குப் போனாலும் போச்சு, போகாவிட்டாலும் போச்சு.

4.7.2004, ஞாயிறு

ஏட்டி விழி, ஒனக்குக் கூறு இருக்கா? நீயே வாசல அடச்சிட்டு, நீயே உள்ள நின்னு கதவத் தட்டுத. அவளுக்கு வட்டம் முழுசா வரக் கூடாதுன்னு யாரு ஒளிச்சது? கோதண்டராமனா? சுகப்பிரியாவா? ஒன் கைதான. ஒன் கட்டவெரல்தான. நான் இல்லாம லைன் ஓடாதுன்னு பெருமை பீத்துன. இப்ப லைன் ஒன்ன விட மாட்டேங்கு. அழு. நல்லா அழு.

அழுதேன். சுந்தராம்பாள் அக்கா, வீட்டுக்காரம்மா, கீழேயிருந்து குரல் கொடுத்தது: "உங்கம்மா போன்ல கீது, எறங்கி வாம்மே." உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொன்னேன். இனி எனக்கு என்ன உடம்பு என்று அம்மாவுக்கு ஒரு சந்தேகம் வரும். வரட்டும்.

5.7.2004

கேன்டீனில் தட்டோடு போய் மஞ்சுளா எதிரில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை.

"மஞ்சுளா, கறுப்புக் கனெக்டர்ல ஒண்ணு உனக்குச் சொல்லல..."

"தெரியும்" என்றாள். சாம்பாரைப் பிசைந்துகொண்டே. "மத்த கனெக்டர்லாம் எனக்குக் காட்டி இழுக்கற. கறுப்ப இழுக்கறப்ப மட்டும் முதுவ காட்டிக்கினு நிக்கற. நான் இன்னா குருடா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. "அப்ப சார்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உனுக்கு மெமோ. மெமோ வாங்கினா உன்ன எந்தக் காலேஜுல சேத்துக்குவான்? பூந்தமல்லில பாத்தேனே, கைல போட்டோ ஒட்டின சீட்டு. எங்கண்ணன் அதே பரீட்ச மூணு வாட்டி எழுதிச்சி, எனக்குத் தெரியாதா ஹால் டிக்கெட்டு?"

"எனக்காகவா சொல்லாம இருந்த?"

"உனக்கா?" சிரித்தாள் பாரு ஒரு சிரிப்பு, பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பினார்கள். "நீ போனாத்தான் எனக்கு அந்த எடம். கடைசி ஸ்டேஷன் முழுசா வந்தாத்தான் லைன் லீடர். நானேதான் சார்கிட்ட போயி, வேலு பக்கத்துல போடுன்னு கேட்டேன். நீ போவணும்னு அங்காளம்மனுக்கு வேண்டிக்கினு கீறேன். உன்ன புடிச்சி வெச்சா எனக்கு இன்னா லாபம்?"

நான் சந்தேகப்பட்டது சரிதான். என் இடத்துக்குத்தான் வந்திருக்கிறாள்! முதல் நாளிலிருந்தே! அது தெரிந்ததும் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அடை எதற்கு என்று புரிந்துவிட்டது, அப்பாடா என்று இருந்தது.

"அடுத்த புதன்கிழமை எனக்கு லீவு வேணும்" என்றேன்.

"அப்ப கைய காட்டு" என்றாள்.

9.7.2004

க்வாலிட்டிக்காரர்கள் பக்கத்தில் நின்று மஞ்சுளாவைச் சோதித்தார்கள். நான் டெஸ்ட் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். பச்சை. பச்சை. பச்சை. அவள் கை சாய்த்து இழுக்கும்போதெல்லாம் என் கட்டைவிரலும் தானாகச் சாய்ந்தது. ஷிப்ட் முழுக்க ஒரு சிவப்புகூட இல்லை.

கோதண்டராமன் சார் மார்க்கரை எடுத்து மிச்சக் கால் வட்டத்தையும் கறுப்பாக்கினார். லீவுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டபடி கேட்டார்: "ஒரே வாரத்துல எப்படிம்மா வந்துச்சு?" மஞ்சுளா முந்திக்கொண்டாள். "எல்லாம் அங்காளம்மன் சார்."

14.7.2004

நேர்முகத்தில் மூன்று பேர். நல்ல வேலையை ஏன் விடுகிறீர்கள் என்றார் ஒருவர். நாங்கள் போடுகிற வயரை யார் விலை பேசுகிறார்கள், ஆறு மாத லெட்டர் என்று எந்த மேஜையில் முடிவாகிறது, எதுவும் லைனில் நிற்கிறவளுக்குத் தெரிவதில்லை, அந்த மேஜையில் உட்கார வேண்டும் என்றேன். இங்கிலீஷில்தான், தட்டுத்தடுமாறி. அவர் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று ஆட்டினாரோ?

28.7.2004

சீட்டு கிடைத்துவிட்டது.

சுகப்பிரியாவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தவே இல்லை. "அட்டையில எம்.பி.ஏ.ன்னு கொட்ட எழுத்துல போட்ருந்துச்சேளா. நீ பேங்குன்னு சொன்னியா, சரி பேங்குன்னே இருக்கட்டும்னு இருந்துட்டேன்."

அம்மாவிடமும் சொன்னேன். "அந்த உரக்கடைப் பையன் குடிக்கானாம்ட்டி. நல்லதாப் போச்சு" என்றாள். நிஜமாகவே குடிக்கிறானா, அம்மா எனக்காகச் சொல்கிறாளா தெரியவில்லை.

6.8.2004

கடைசி நாள். குக்கர் எனக்கு வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டேன். கால்குலேட்டர் கொடுத்தார்கள். கோதண்டராமன் சார் ஈரத்துணியைக் கையில் எடுத்தபோது நான் பாத்ரூமுக்குப் போய்விட்டேன்.

21.10.2004

நாளைக்கு ஆயுத பூஜை. லீவு என்பதால் கம்பெனியில் இன்றே கும்பிட்டுவிட்டார்கள். வெளியாட்களை உள்ளே விடுகிற ஒரே நாள். மஞ்சுளா கூப்பிட்டிருந்தாள். காலேஜில் மதியம் வகுப்பு இல்லை, போனேன். கேட்டில் 'விசிட்டர்' அட்டை கொடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். என்னவோ மாதிரி இருந்தது.

மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. போர்டுக்குக்கூட ஒரு முழம் கதம்பம். என் பெயர் இருந்த வரிசையில் வேறு யாரோ. மஞ்சுளா தலையில் லைன் லீடரின் நீலத் தொப்பி. ரொம்பத்தான் மிடுக்கு. சுண்டலும் பொரியும் இரண்டு பொட்டலம் கொடுத்தாள். எதற்கு இரண்டு?

என் ஸ்டேஷனில் புதிதாக ஒருத்தி. போர்டில் கால் வட்டம். மஞ்சுளா அவளிடம், "மேடத்துக்கு செஞ்சி காட்டு" என்றாள். மேடமாம்! நான் யார் என்று அவளுக்குச் சொல்லவில்லை.

அந்தப் பெண் வயரைத் தள்ளினாள். 'டக்'. கட்டைவிரல் பக்கமாகச் சாய்த்து இழுத்தாள். அரைகுறையாக மாட்டியிருந்த வயர் கையோடு வந்தது. பெருமையாக என்னைப் பார்த்தாள்.

"இந்தக் கறுப்புக் கனெக்டர நேரா இழுத்தா ஏமாத்திடும் மேடம். இப்படித்தான் இழுக்கணும். இதுக்குப் பேரு வேலு இழுப்பு."

தலையை ஆட்டினேன். மஞ்சுளா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, நேராக இருந்த வாழைக்கன்றை நேராக்கிக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். நான் வருகிறேன் என்று தெரிந்து, இப்படிச் சொல் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி வைத்திருப்பாளோ? செய்யக்கூடியவள்தான்.

வச்சிருந்தா வச்சிருக்கட்டும்.