வெறுங்காலோடு வாங்க

என்னங்க,

நம் இளம்பரிதியின் கருமாதி முடிந்ததும் சாமல்பட்டிக்கு, உங்கள் தங்கச்சி வீட்டுக்குப் போனவர்தான். நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

நேற்று அவன் கூட்டாளிகள், அவன் பாட்டுப் போட்ட தகரக் கொட்டகைக்கு என்னைக் கூட்டிப்போனார்கள். ஓசூரில் முதன்முதலாக ஹவுஸ் மியூசிக் என்கிற, தரை அதிர ஆடும் பாட்டைப் போட்ட டிஜே நம் பிள்ளைதானாம். ஷிப்டு முடித்தவர்கள் ஞாயிறு பகலில் ஊருக்குத் தெரியாமல் வந்து ஆடுவார்களாம். வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்.

"இதென்ன கோயிலாப்பா?" என்றேன்.

"அண்ணன் போட்ட சட்டம்மா. கம்பெனி பிரஸ் ஷாப்புல தகடு அடிக்கிற சத்தத்துல அப்பாவுக்குக் காது போச்சு, வந்தா காலால கேக்கட்டும்னு தரைக்குப் பலகை அடிச்சாரு."

அவன் கூப்பிட்டபோதெல்லாம், "செவிடனுக்கு எதுக்குடா பாட்டு?" என்று எரிந்து விழுந்தீர்களே.

பாட்டைப் போட்டதும் நான் அந்தப் பலகைமேல் நின்று பார்த்தேன். அதிர்வு உள்ளங்காலில் ஏறி நெஞ்சுவரை வந்தது.

வரும் ஞாயிறு அவன் நினைவாகப் பாட்டுப் போடுகிறார்கள். வந்துவிடுங்கள். உங்கள் செருப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி