மின்மினி கப்பலை விட்டு இறங்கும் காட்சி

அன்புள்ள மின்மினிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைப் போனில் விசாரிக்கலாம்தான். ஆனால் கிசுகிசுக்கக்கூடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராமே. நான் மட்டும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அதில் என்ன புதுசு என்கிறாள் உன் அண்ணி. குறுஞ்செய்தி அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாய். கட்டைவிரலோடு எவ்வளவு நேரம்தான் பேசுவது? அதனால்தான் கடிதம்.

தொண்டையில் போட்ட தையல் ஆறிவிட்டதாக உன் வீட்டுக்காரர் சொன்னார். குரல் வரும், ஆனால் பழைய குரலாக இருக்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டதையும் சொன்னார். நம் விண்கப்பல் நாடகம் தொடங்கும் நேரத்தில் நீ ரேடியோவை அணைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறாயாம். அவரைத் திட்டாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன்.

ஸ்டூடியோ அப்படியேதான் இருக்கிறது. ஏசி சொட்டுகிறது, அடியில் வாளி இருக்கிறது, சொட்டும் சத்தம் பதிவில் விழாமல் இருக்க வாளிக்குள் ஒரு துண்டு கிடக்கிறது. மின்மினி நடக்கும் சத்தத்துக்காக நீ கொடுத்துவைத்த ரப்பர் செருப்பை, காலடி முதல் கதவு வரை எல்லாச் சத்தமும் எழுப்பித் தரும் நம் சத்தக்காரம்மா அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். யாரையும் தொட விடுவதில்லை.

நீ வராத நாளிலிருந்து கதையில் மின்மினியைக் கப்பலின் மருத்துவ அறையில் தூங்க வைத்திருக்கிறோம். கேட்பவர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு லாரி ஓட்டுநர் எழுதியிருக்கிறார்: “அந்தப் பொண்ணு இன்னும் எவ்வளவு நாளுதான் தூங்கும்? விண்கப்பலே வாங்கியிருக்கீங்க, ஒரு நல்ல டாக்டரா பார்த்து வைக்கக் கூடாதா?”

என் பாடுதான் திண்டாட்டம். “அது என்ன கேப்டன்?” என்று கேட்க நீ இருந்தாய், நான் பதில் சொன்னேன். கேட்பவர்களுக்கும் கண் தெரிந்தது. இப்போது நானே எனக்கு விளக்கம் சொல்லிக்கொள்கிறேன். “ஆகா, எதிரே ஒரு பச்சை மலை தெரிகிறதே! அதன் உச்சியில் ஏதோ அசைகிறதே!” கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் சிரித்துச் சிரித்துக் கண்ணீரே வந்துவிட்டது அவருக்கு. கப்பலை ஓட்டுகிறவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் ஊர் நினைக்கும்.

இதற்கு மேல் இழுக்க முடியாது என்று இயக்குநர் சொல்லிவிட்டார். முதலில் உன் இடத்துக்கு வேறு ஆள் பார்த்தார்கள். ஒரு பெண் உன் சிரிப்பை அப்படியே சிரித்துக் காட்டினாள். நல்ல பெண், அவள்மேல் தப்பில்லை. என்னால்தான் உட்கார்ந்து கேட்க முடியவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன். பிறகு, மருத்துவ அறை வெடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளலாம், அதற்குக் குரல் தேவையில்லை என்றார் இயக்குநர். மின்மினியைக் கொன்றால் கேப்டனும் சேர்ந்து செத்தான் என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

கடைசியில், நீ விடைபெறுவதைப் பழைய பதிவுகளிலிருந்து வெட்டி ஒட்டலாம் என்று முடிவானது. ஒலிப்பதிவாளர் நாள் கணக்கில் உட்கார்ந்து தேடினார். கிடைக்கவில்லை. இத்தனை வருடத்தில் மின்மினி ஒரு தடவைகூட “போயிட்டு வரேன்” என்று சொன்னதில்லையாம். எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் “இருங்க கேப்டன், நானும் வரேன்” என்பதுதான். எழுதியவருக்கும் நினைவில்லை, பக்கத்திலேயே நின்ற எனக்கும் தோன்றவில்லை.

ஆகவே இப்படி எழுதியிருக்கிறார்கள். மின்மினி கண் விழிக்கிறாள். ஒரு சின்னக் கிரகத்தில் காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம் பழுதாகிக் கிடக்கிறது. அதைச் சரிசெய்து இயக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான், அதனால் அங்கேயே தங்கிவிடத் தீர்மானிக்கிறாள். முகமூடி போட்டிருப்பதால் பேச முடியாது. மூச்சு மட்டும் கேட்கும். பிறகு கதவு மூடும். அந்த மூச்சைச் சத்தக்காரம்மாவே விட்டுப் பார்த்தாள். அச்சு அசல் நீயேதான். இயக்குநருக்குத் திருப்தி.

எனக்குத்தான் வரவில்லை. “நீ இங்கேயே இரு மின்மினி” என்பது என் வசனம். சொன்னேன். சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போகாமல் நின்றுகொண்டே இருந்தேன். அதற்குப் பிறகு எப்போதும் உன் வசனம்தானே, பழக்கதோஷம். மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் நின்றேன். ஒலிப்பதிவாளர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வரும் புதன்கிழமை திரும்ப எடுக்கிறார்கள். அன்றும் வராவிட்டால் வெடிச்சத்தம்தான் என்று இயக்குநர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நீ ஏன் இந்தப் பக்கமே வருவதில்லை என்று எனக்குத் தெரியும். எல்லோரும் பாவம் பார்ப்பார்கள் என்று நினைக்கிறாய். பார்ப்பார்கள்தான், பொய் சொல்ல மாட்டேன். டீ கொண்டுவருபவர்கூட உன்னைப் பற்றிக் கேட்டுவிட்டு மூக்கை உறிஞ்சுகிறார். அவர்களை நான் வெளியே அனுப்பிவிடுகிறேன், அது என் பொறுப்பு.

புதன்கிழமை வா. நீ எதுவும் செய்ய வேண்டாம். மூச்சைக்கூடச் சத்தக்காரம்மா பார்த்துக்கொள்வாள். என் இடது பக்கத்து மைக்குக்கு முன்னால் வழக்கம்போல் வந்து நின்றால் போதும். கேட்பவர்கள் யாருக்கும் நீ நிற்பது தெரியப்போவதில்லை. எனக்குத் தெரியும். வசனம் முழுவதையும் உன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிறேன், அம்மா. அப்புறம் நீ கதவைத் திறந்துகொண்டு போகலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் அன்புடன்,
உன் கேப்டன்