திரையை இழுத்தது நான்தான்

திருவொற்றியூர்,
திங்கட்கிழமை.

அன்புள்ள அம்மாவுக்கு மகிமாவின் ஸ்தோத்திரம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். பயப்படாதீர்கள். எண்ணூருக்கு அப்பால் இருக்கும் தீவின் பாட்டுகளை எங்கள் அறக்கட்டளை மீட்டெடுக்கிறது என்று சொன்னேனே, சனிக்கிழமை அதன் ஆண்டுவிழா. தீவுப் பெண்கள் பத்துப் பேர் மூன்று மாதம் பயிற்சி எடுத்து வந்திருந்தார்கள். கடைசி நேரத்தில் செயலாளர் அவர்களைத் திரைக்குப் பின்னால் நின்று பாடச் சொல்லிவிட்டு, மேடையில் வாயசைக்கக் கல்லூரிப் பெண்களை நிறுத்தினார். "பார்க்க லட்சணமா இருக்கணும்மா" என்றார்.

தீவுப் பெண்களில் மூத்தவரான அம்மு அக்கா, "இன்னா கண்ணு, எங்க பாட்டு வோணும், எங்க மூஞ்சி வோணாமா?" என்று கேட்டார். பாட்டு தொடங்கியதும் கயிற்றைப் பிடித்துத் திரையை இழுத்துத் திறந்துவிட்டேன். கல்லூரிப் பெண்கள் தாமாகவே ஒதுங்கி நின்றார்கள். அக்கா பாட்டை நிறுத்தாமல் முன்னால் வந்து பாடினார்.

இன்று காலை செயலாளர் என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார். தீவின் கலையைக் காப்பாற்ற வந்தவருக்குத் தீவுக்காரர்களின் முகம் ஆகாதாம்! வேறு வேலை தேடுகிறேன். நான் செய்தது தப்பு என்று மட்டும் எழுதாதீர்கள் அம்மா.

கொஞ்சம் கருப்பட்டி அனுப்புங்கள். சமைக்கும்போது நீங்கள் பாடும் கீர்த்தனையையும் போனில் பதிந்து அனுப்புங்கள். இடையில் அப்பா கூப்பிட்டால் அதை வெட்டிவிட வேண்டாம், அப்படியே இருக்கட்டும். தபாலாபீஸ் மூடப்போகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மகிமா