உன் படத்துக்குக் கீழே வைத்த சிப்

அக்கா, என் கோபக்கார அக்கா,

உன் படத்துக்குக் கீழே ஒரு சிப்பை வைத்திருக்கிறார்கள். அலுவலக வாசலில், கண்ணாடிப் பெட்டிக்குள். ஆயுத பூஜைக்கு மெஷினுக்கு வைப்பதுபோல் அதற்கும் சந்தனம், குங்குமம். வருகிறவர்களிடமெல்லாம் மேனேஜர் காட்டுகிறார்: "மேடம் செஞ்ச சிப்புங்க."

நீ எந்தச் சிப்பையும் செய்ததில்லை. அம்மா பக்கத்து வீட்டில் அப்படிச் சொன்னாலே சண்டைக்குப் போவாய். "நான் செய்யலம்மா. அது எப்படி வேலை பாக்கணும்னு வரைஞ்சு குடுக்கறேன். செய்யறது வேற ஆளுங்க." அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

மேனேஜருக்கு வித்தியாசம் தெரியும். அதுதான் எரிகிறது.

உன் ப்ராசஸர் டிசைனை இரண்டு கம்பெனிகளிடம் கொடுத்தார்கள். ஒருவன் நீ சொன்ன வேகத்துக்குள் சிப் செய்தான். இன்னொருவன் வேகத்தைக் கூட்டினான், மின்சாரம் போகும் பாதையை மெலிதாக்கினான், விலையைக் குறைத்தான். மேனேஜர் அவனிடம் வாங்கினார். உத்தனப்பள்ளி ரோஜாக் குடில்களில் அந்தச் சிப் போட்ட நம் கன்ட்ரோலர்கள் உச்சிவெயிலில் சூடு தாங்காமல் நின்றுபோயின. காற்றுக்காகத் தானே திறக்க வேண்டிய பக்கத் திரைகள் திறக்கவில்லை. மொட்டெல்லாம் கருகின. நீ அப்போது காய்ச்சலில் கிடந்தாய். பிறகு எழவேயில்லை.

டிசைன் கோளாறு என்று சொல்லிவிட்டார்கள். செத்தவள் மறுத்துப் பேசுவாளா?

பெட்டிக்குள் இருப்பது அந்த இரண்டாமவனின் சிப்.

போன மாதம் முதலாமவனின் சிப் போட்ட போர்டை, அங்கே ரோஜா போடும் மஞ்சண்ணாவின் குடிலில் மாட்டினேன். வெயில் அதே வெயில். ஓடுகிறது. இது யார் வரைந்தது என்று கேட்டார். எங்கக்கா என்றேன்.

"அப்ப அந்தக் கருகிப்போனது?"

"அதுவும் எங்கக்கா வரைஞ்சதுதாங்கண்ணா. செஞ்சவன் வேற."

"அந்தப் பொண்ண வாய்க்கு வந்தபடி திட்டிட்டேனேம்மா," என்றார்.

திங்கட்கிழமை விவசாயிகளின் கூட்டம். தப்பு உன்னுடையது என்று நான் சொல்ல வேண்டுமாம். "தங்கச்சியே சொன்னா நம்புவாங்கம்மா." சொல்லும்போது மேனேஜர் குரலில் வருத்தம்கூட இருந்தது. எப்படி முடிகிறது அக்கா, இவர்களால்?

பெட்டியைத் திறந்துவிட்டேன். சிப் என் பையில் இருக்கிறது. திங்கள் மதியம் அதை ஒரு போர்டில் போட்டு, அதையும் மஞ்சண்ணா குடில் போர்டையும் எல்லார் முன்னாலும் வெயிலில் ஓடவிடுவேன். ஒன்று நிற்கும். ஒன்று ஓடும். இரண்டையும் வரைந்தவள் நீதான் என்று அப்புறம் சொல்வேன்.

வேலை போகும். போகட்டும். எவனோ மலிவாகச் செய்ததில் உன் பெயரை ஒட்ட விடமாட்டேன்.

சண்டை போட ஆளில்லாத வீட்டிலிருந்து,
உன் தங்கை