கிளட்ச் மிதியில் ஒரு விரல் ஆட்டம்

பெர்னதெத்து,

நீ மரவள்ளிக் கொல்லையிலிருந்து வருவதற்குள் லோரி கிளம்புகிறது. சயாம் ரயில் வேலைக்குப் பிடித்த ஆட்களில் உன் தம்பி சவரிமுத்துவும் இருக்கிறான். லோரி வழியில் நின்றால் பார்க்க என்னையும் ஏறச் சொல்லிவிட்டான் ஜப்பான்காரன்.

கிழங்கு அவித்து மூடி வைத்திருக்கிறேன். சாவி விறகுக் கட்டுக்குள் இருக்கிறது. ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் வந்து கேட்டால், கிளட்சை நேற்றே சரிபண்ணிவிட்டார் என்று மட்டும் சொல்.

"நீங்க கை வச்சாத்தானே அந்த லோரி ஓடுது" என்று சொல்லிவிட்டு மூன்று நாளாக நீ பேசவில்லை. இப்போது கேள். கிளட்ச் மிதியை அழுத்தினால் முதலில் ஒரு விரல் அளவுக்குச் சும்மா ஆட வேண்டும். அந்த ஆட்டத்தை நான் எடுத்துவிட்டேன். சமதரையில் தெரியாது. ரஹாங்குக்கு முன்னால் மேட்டில் பாரத்தோடு ஏறும்போது கிளட்ச் வழுக்கிக் கருகி, லோரி நின்றுவிடும். ஆட்களை இறக்கித் தள்ளச் சொல்வான். இரண்டு பக்கமும் ரப்பர் காடு. சவரியிடம் சொல்லிவிட்டேன்.

படித்ததும் அடுப்பில் போடு.

அருளப்பன்

சவரி வந்தால் கொடியில் காயும் என் சட்டையைக் கொடு. கிழங்கையும் கொடு, எனக்கென்று எடுத்து வைக்காதே. நான் லோரியோடுதான் நிற்க வேண்டும்.

நான் கை வைத்தும் ஓடாத முதல் லோரி இதுதான். நான் திரும்பி வந்தால் திட்டவாவது வாயைத் திற.